பெம்பர்லியைப் பார்த்த பிறகுதான் எலிசபெத் மனம் மாறினாளா?

கேள்வி இது: "ஜேன் ஆஸ்டினின் நாயகிகள் பணத்துக்காகக் கல்யாணம் செய்துகொள்வதை இகழ்கிறார்கள். ஆனால் கடைசியில் அவர்களுக்கு வசதியான மாப்பிள்ளையே வாய்க்கிறான். எலிசபெத் பென்னட்கூட டார்சியின் பெம்பர்லி மாளிகையைப் பார்த்த பிறகுதான் மனம் மாறுகிறாள். காதல் என்று சொல்லிப் பணத்தை விற்கும் கதைகள்தானே இவை?"

நியாயமான சந்தேகம். இருநூறு ஆண்டுப் பழைய சந்தேகமும்கூட. 1816இல் 'குவார்ட்டர்லி ரிவ்யூ' இதழில் 'எம்மா'வுக்குப் பெயர் போடாமல் மதிப்புரை எழுதிய நாவலாசிரியர் வால்டர் ஸ்காட், எலிசபெத்தின் கதையான 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' பற்றியும் ஓரிடத்தில் பேசுகிறார். காதலனுடைய அழகான மாளிகையையும் தோட்டத்தையும் தற்செயலாகப் பார்க்கும்வரை, அவனை மறுத்தது முட்டாள்தனம் என்று இந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை என்கிறார். அதே மதிப்புரையின் முடிவில், இக்கால நாவலாசிரியர்கள் மன்மதனைக் கணக்குப் பார்க்கும் புத்தியோடு ஒரே நுகத்தில் பூட்டிவிட்டார்கள் என்றும் குறைபட்டுக்கொள்கிறார். ஆகவே நீங்கள் நல்ல துணையோடுதான் இருக்கிறீர்கள். ஆனாலும் ஸ்காட் சொன்னது தவறு என்றே நினைக்கிறேன். காதல் ஒரு தட்டு, பணம் ஒரு தட்டு என்று தராசு தூக்கிப் பார்ப்பவர் அல்லர் ஆஸ்டின். வேண்டாம் என்று சொல்லும் வசதி யாருக்கு இருக்கிறது, அந்த வசதிக்கு விலை என்ன என்பதைத்தான் அவர் நாவலுக்கு நாவல் பார்க்கிறார்.

முதலில் கணக்கு. பலர் தாண்டிப் போகும் இடம் அது. ஆஸ்டினின் நாவல்களில் ஒருவர் அறைக்குள் நுழையும்போது அவருடைய ஆண்டு வருமானமும் கூடவே நுழைந்துவிடும். டார்சிக்கு 10,000 பவுண்டு. அவன் நண்பன் பிங்லிக்கு நாலாயிரமோ ஐந்தாயிரமோ. குடும்பம் வணிகத்தில் சேர்த்து, தந்தை விட்டுப்போன ஏறத்தாழ ஒரு லட்சம் பவுண்டு அவனிடம் இருக்கிறது. பென்னட் குடும்பத்துக்கு 2,000. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நிலம் ஆண் வாரிசுக்கு மட்டுமே போக வேண்டும் என்று கட்டிவைக்கப்பட்டது. பென்னட்டுக்கு ஐந்தும் பெண். அவர் கண்ணை மூடினால் வீடும் நிலமும் காலின்ஸ் என்ற தூரத்து உறவினனுக்கு. தாய்க்கும் பெண்களுக்கும் என்று கல்யாண ஒப்பந்தத்தில் எழுதிவைத்தது 5,000 பவுண்டு. அதில் எலிசபெத்தின் பங்கு 1,000. நான்கு சதவீத வட்டிக்கு ஆண்டுக்கு 40 பவுண்டு. அதுவும் தாய் இறந்த பிறகு.

இந்தக் கணக்கை அவளிடம் எடுத்துச் சொல்வது யார் தெரியுமா? காலின்ஸ்தான், அதுவும் அவளைப் பெண் கேட்கும் அதே பேச்சில். கல்யாணத்துக்குப் பிறகு இதைச் சொல்லி ஒருபோதும் குத்திக்காட்ட மாட்டேன் என்று பெருந்தன்மையாக வாக்கு வேறு கொடுக்கிறான். அவள் மறுத்ததும், உன் அழகையெல்லாம் உன் பங்கின் சிறுமை அடித்துவிடும், இன்னொருவன் கேட்டு வருவான் என்பது நிச்சயமில்லை என்கிறான். காலின்ஸ் வடிகட்டிய முட்டாள். ஆனால் அந்தக் கணக்கில் பிழையில்லை. அந்தக் காட்சியில் நாம் சிரிப்போம். சிரித்து முடித்த பிறகு வயிற்றில் ஏதோ பிசையும்.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் இந்த வர்க்கத்துப் பெண்ணுக்கு வேறு வழி என்ன இருந்தது? யாராவது பணக்கார வீட்டில் தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கலாம். 'எம்மா'வில் ஜேன் ஃபேர்ஃபாக்ஸ் அந்த வேலையை அடிமை வியாபாரத்துக்கு அருகில் வைத்துப் பேசுகிறாள்: அங்கே விற்பது உடலை, இங்கே விற்பது அறிவை. அல்லது அண்ணன் தம்பி வீட்டில் ஒதுங்கிக் கிடக்கலாம். கல்யாணம் செய்துகொண்டாலோ, தனி ஒப்பந்தம் போட்டு ஒதுக்கிவைக்காத பணமெல்லாம் கணவன் கைக்குப் போய்விடும். 1870, 1882ஆம் ஆண்டுச் சட்டங்கள் வந்த பிறகுதான் அது மாறியது. கணவன் சரியில்லை என்றால் விலகிப் போகவும் வழியில்லை. 1857வரை முழுமையான மணமுறிவுக்கு நாடாளுமன்றமே தனிச்சட்டம் இயற்ற வேண்டும். தப்பாகப் போனால் திருத்த முடியாத ஒரே ஒரு பேரம். அதைக் கணக்குப் பார்க்காமல் செய்யச் சொல்வதற்கு நாம் யார்?

இனி ஷார்லட் லூக்கஸ். எலிசபெத்தின் நெருங்கிய தோழி. வயது 27, அழகில்லை, பணமில்லை. எலிசபெத் மறுத்த அதே காலின்ஸ், மூன்று நாளுக்குள் இவளைக் கேட்கிறான், இவள் சம்மதிக்கிறாள். கல்லூரியில் முதலில் படித்தபோது இவளை எனக்குப் பிடிக்கவே இல்லை. தன்னைத் தானே விற்றுக்கொண்டவள் என்று தேர்வுத் தாளில் எழுதிவைத்தேன். இப்போது படித்தால் அந்த அத்தியாயத்தில் வேறு விஷயங்கள்தான் கண்ணில் படுகின்றன. சம்பந்தம் உறுதியானதும் அவளுடைய தாய், பென்னட் இன்னும் எத்தனை ஆண்டு உயிரோடு இருப்பார் என்று புது அக்கறையோடு எண்ணத் தொடங்குகிறாள். தங்கைகளுக்கு, தாங்கள் விருந்துகளுக்குப் போகும் நாள் ஓரிரு ஆண்டு முன்னால் வந்துவிட்ட மகிழ்ச்சி. தம்பிகளுக்கு, அக்கா கன்னியாகவே கிழவியாகிவிடுவாளோ என்ற கவலை தீர்ந்த நிம்மதி. ஒரு வீடே மூச்சு விடுகிறது. நான் காதல் கனவு காண்கிறவள் அல்ல, ஒரு வசதியான வீடுதான் கேட்கிறேன் என்று ஷார்லட் எலிசபெத்திடம் சொல்கிறாள். அதில் பொய்யில்லை, அழுகையில்லை. காலின்ஸைக் காதலிப்பதாக யாரையும் அவள் நம்பவைக்க முயலவும் இல்லை.

எலிசபெத்தோ பொருமுகிறாள். தோழி தரம் தாழ்ந்துவிட்டாள் என்றே நினைக்கிறாள். சரி, அது அவளுடைய கொள்கை என்று வைத்துக்கொள்வோம். ஆனால் சில வாரங்களில் அந்தக் கொள்கைக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். அவள் மனத்தை ஓரளவு கவர்ந்த விக்கம், திடீரென்று 10,000 பவுண்டு கைக்கு வந்த மிஸ் கிங் என்ற பெண்ணின் பின்னால் போகிறான். அதுவரை அவன் அந்தப் பெண்ணை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. எலிசபெத்துக்குக் கோபம் வரவில்லை. அழகான வாலிபர்களும் பிழைக்க வேண்டாமா என்று மாமிக்குக் கடிதம் எழுதுகிறாள். மாமி கார்டினர் நேரில் பார்க்கும்போது மெல்லக் கண்டிக்கிறாள். அப்போதுதான் அவள் திருப்பிக் கேட்கிறாள்: கல்யாண விஷயத்தில் பணத்தாசைக்கும் முன்யோசனைக்கும் என்ன வேறுபாடு? விவேகம் எங்கே முடிகிறது, பேராசை எங்கே தொடங்குகிறது? நாவலின் நடுவே நிற்கும் கேள்வி அது. மாமியிடம் அதற்குப் பதில் இல்லை. நாவல் முழுவதும் தேடினாலும் ஒரு வரியில் பதில் கிடைக்காது. ஆண் செய்தால் பிழைப்பு, பெண் செய்தால் இழிவு என்று எலிசபெத் போன்ற கூர்மையானவளே தடுமாறுகிறாள் என்பதை மட்டும் ஆஸ்டின் காட்டிவிட்டு நகர்கிறார்.

காதல் கல்யாணத்தை ஆஸ்டின் தூக்கிப்பிடிக்கிறார் என்பதும் பாதி உண்மைதான். இந்த நாவலின் முதல் காதல் கல்யாணம் எது? பென்னட்டுடையது. இளமையிலும் அழகிலும் மயங்கி மணந்தார்; மயக்கம் சீக்கிரமே தெளிந்தது; மிச்ச வாழ்க்கையைப் புத்தக அறைக்குள் ஒளிந்தும் மனைவியைக் கேலி செய்தும் கழிக்கிறார். மகன் பிறப்பான், நிலத்தின் கட்டை அவிழ்த்துவிடலாம் என்ற நம்பிக்கையில் காசும் சேர்க்கவில்லை. பெண்களின் நெருக்கடிக்கு வேர் அந்தக் காதல் கல்யாணத்தில் இருக்கிறது.

இப்போது பெம்பர்லிக்கு வருவோம். ஸ்காட் ஒன்றை விட்டுவிட்டார்: எலிசபெத் டார்சியை மறுத்தது பெம்பர்லிக்கு முன்னால்; ஆனால் 10,000 பவுண்டு அவளுக்கு நன்றாகத் தெரியும். அவன் ஊருக்கு வந்த முதல் விருந்திலேயே அந்தத் தொகை கூடம் முழுக்கப் பரவிவிட்டது. ஆண்டுக்கு 40 பவுண்டுக்காரி, 250 மடங்கு வருமானக்காரனை, அவன் தன் குடும்பத்தைக் கேவலமாகப் பேசினான் என்பதற்காகவும் அக்காள் ஜேனின் வாழ்வைக் கெடுத்தான் என்பதற்காகவும் வாசலைக் காட்டி அனுப்புகிறாள். பணத்துக்கு மயங்குகிறவள் அங்கேயே மயங்கியிருப்பாள்.

அதற்காக அந்த மாளிகை அவளை அசைக்கவே இல்லை என்று சொல்ல வரவில்லை. அசைக்கிறது. பெம்பர்லிக்கு எஜமானி ஆவது லேசான விஷயமில்லை என்று அவளுக்கே தோன்றுகிறது. அறை அறையாகப் பார்க்கிறாள். இதெல்லாம் என்னுடையதாக இருந்திருக்கும், மாமாவையும் மாமியையும் விருந்தாளிகளாக அழைத்திருப்பேன் என்று மனம் போகிறது. உடனே அடுத்த நினைப்பு: அழைத்திருக்கவே முடியாது, லண்டனில் வியாபாரம் செய்யும் மாமாவை டார்சி வீட்டுக்குள் விட்டிருக்க மாட்டான். நல்ல வேளை அது ஞாபகம் வந்தது, வருத்தம் போன்ற ஒன்றிலிருந்து அது அவளைக் காப்பாற்றியது என்கிறார் ஆஸ்டின். அந்த 'போன்ற ஒன்று' எனக்கு மிகவும் பிடித்த இடம். ஆசை இல்லாத உத்தமி என்றும் எழுதவில்லை, ஆசைக்காரி என்றும் எழுதவில்லை. அதன் பிறகு வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மூதாட்டி, டார்சியை நான்கு வயதிலிருந்து தெரியும், ஒரு கடுஞ்சொல் கேட்டதில்லை என்கிறாள். பின்னாலேயே டார்சி வந்து அதே மாமாவை மரியாதையாகப் பேசித் தன் ஓடையில் மீன் பிடிக்க அழைக்கிறான். அவள் மனம் கரைவது அங்கே. பிற்பாடு அக்காள் ஜேன், எப்போதிலிருந்து அவனைப் பிடித்தது என்று கேட்க, பெம்பர்லியின் அழகிய தோட்டத்தைப் பார்த்ததிலிருந்து என்று எலிசபெத் சொல்வது விளையாட்டுப் பேச்சு. ஜேனே அதை நம்பாமல், விளையாடாதே என்கிறாள். ஸ்காட் நம்பிவிட்டார்.

சரி, அப்படியானால் பணத்துக்கு இந்தக் காதலில் பங்கே இல்லையா? உண்டு. ஆனால் நீங்கள் சொன்ன இடத்தில் இல்லை. எலிசபெத்தின் தங்கை லிடியா விக்கமோடு ஓடிப்போகிறாள். அவனுக்கு அவளை மணக்கும் எண்ணம் இல்லை. அவனைத் தேடிப் பிடித்து, ஆயிரம் பவுண்டுக்கும் மேற்பட்ட கடனை அடைத்து, லிடியா பெயரில் இன்னொரு ஆயிரம் எழுதிவைத்து, ராணுவத்தில் அதிகாரிப் பதவியும் வாங்கிக்கொடுத்துக் கல்யாணத்தை முடித்துவைக்கிறவன் டார்சி. அந்தக் கல்யாணம் நடக்காமல் இருந்திருந்தால் மற்ற நான்கு பெண்களையும் எந்த நல்ல குடும்பமும் சீண்டியிருக்காது. எலிசபெத் முகத்துக்கு நேரே மறுத்த அதே பணம், முதுகுக்குப் பின்னால் அவள் காதலுக்குப் பாதை போட்டுக்கொண்டிருந்தது. ஏமாற்று என்று சொல்வதானால் இதைச் சொல்லுங்கள், விவாதிக்கலாம்.

எல்லாருக்கும் வசதியான மாப்பிள்ளை என்றீர்கள். டார்சி அளவுக்குப் பணக்காரன் வேறு எந்த நாயகிக்கும் கிடைக்கவில்லை. 'மேன்ஸ்ஃபீல்ட் பார்க்' நாயகி ஃபேனி பிரைஸ், பணக்கார ஹென்றி கிராஃபோர்டை மறுத்துவிட்டுக் கடைசியில் பாதிரியாரை மணக்கிறாள். எம்மாவுக்குச் சொந்தமாகவே 30,000 பவுண்டு இருப்பதால் கல்யாணமே வேண்டாம் என்று நிம்மதியாகப் பேசித் திரிய முடிகிறது.

'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' இந்த விஷயத்தில் இன்னும் ஈவிரக்கமில்லாதது. தமிழ் வாசகர்கள் பலருக்கு இந்தக் கதை ராஜீவ் மேனனின் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' (2000) வழியாகத் தெரியும். ஆனால் நாவலில் இருக்கும் சில்லறைக் கணக்கு ஒரு படத்துக்குள் அடங்காது. காதலைத் தவிர வேறு எதையும் மதிக்காத மேரியான், பணத்துக்கும் மகிழ்ச்சிக்கும் என்ன சம்பந்தம், வாழப் போதுமானது இருந்தால் சரி என்கிறாள். போதுமானது என்றால் எவ்வளவு என்று அக்காள் எலினார் கேட்கிறாள். ஆண்டுக்கு ஆயிரத்து எண்ணூறு அல்லது இரண்டாயிரம், அதற்கு மேல் வேண்டாம் என்கிறாள் காதல்காரி. எலினார் சிரிக்கிறாள்: நான் செல்வம் என்று நினைத்ததே ஆயிரம்தான். கடைசியில் மேரியான் மணக்கும் கர்னல் பிராண்டனின் வருமானம் எவ்வளவு தெரியுமா? சரியாக இரண்டாயிரம். இதை ஆஸ்டின் எங்கும் சுட்டிக்காட்டவில்லை. நாமாகக் கூட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

எலினாரும் எட்வர்டும் காதலர்கள்தான். ஆனால் எட்வர்டின் இரண்டாயிரம் பவுண்டும் எலினாரின் ஆயிரமும், 200 பவுண்டு வருமானமுள்ள பாதிரியார் பதவியும் சேர்ந்தால் ஆண்டுக்கு 350தான் வரும். அதில் சுகமாக வாழ்ந்துவிடலாம் என்று எண்ணும் அளவுக்கு இருவரும் காதலில் மூழ்கியிருக்கவில்லை என்று ஆஸ்டின் எழுதுகிறார். எட்வர்டின் தாய் மனமிரங்கி 10,000 பவுண்டு கொடுத்த பிறகே தடை நீங்குகிறது. அந்த வரியைக் கேலி என்று பலர் படிக்கிறார்கள். எனக்கு அது மரியாதையாகவே படுகிறது. மேரியானைக் காதலித்துவிட்டு, 50,000 பவுண்டு மிஸ் கிரேயை மணந்த வில்லபியையும் ஆஸ்டின் தூக்கில் போடவில்லை. வருந்தினான், ஆனால் வேட்டை நாய்களோடும் குதிரைகளோடும் ஓரளவு சந்தோஷமாகவே வாழ்ந்தான் என்று விட்டுவிடுகிறார். பணத்துக்காக மணந்தவனுக்கு இடி விழ வேண்டும் என்று எதிர்பார்க்கும் வாசகருக்கு அவர் துணைபோவதில்லை.

ஆஸ்டினுக்கு இதெல்லாம் கேள்வி ஞானம் அல்ல. 1802 டிசம்பர் 2ஆம் நாள், மேனிடவுன் எஸ்டேட்டின் வாரிசான 21 வயது ஹாரிஸ் பிக்-விதர் அவரைப் பெண் கேட்டார். ஆஸ்டினுக்கு 27 நிறைய இரண்டு வாரம் இருந்தது. சம்மதித்தார். மறுநாள் காலையில் சம்மதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு அந்த வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டார். ஷார்லட்டின் வயதும் 27 என்பதை வைத்துச் சிலர் முடிச்சுப்போடுகிறார்கள். அந்த நாவலின் முதல் வரைவு 1797லேயே முடிந்துவிட்டதால் நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். மறுத்ததற்கு விலை உண்டு. 1805இல் தந்தை இறந்ததும் தாயும் இரு மகள்களும் சகோதரர்கள் தரும் பணத்தில் வீடு மாறி வீடு மாறிக் காலம் தள்ளினார்கள். 1809இல்தான் அண்ணன் எட்வர்ட் சாட்டனில் ஒரு வீடு கொடுத்தார். 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' உரிமையை 150 பவுண்டுக்குக் கேட்டு 110க்கு விற்றார். 1814இல் அண்ணன் மகள் ஃபேனிக்கு, பாசமில்லாமல் மணப்பதைவிட எதையும் சகித்துக்கொள்ளலாம் என்று எழுதினார். 1817இல் அதே ஃபேனிக்கு, கல்யாணமாகாத பெண்களுக்கு ஏழையாகிவிடும் கெட்ட வழக்கம் உண்டு, கல்யாணத்துக்கு ஆதரவாக அது ஒரு வலுவான வாதம் என்று எழுதினார். இரண்டையும் எழுதியது ஒரே கைதான். ஒன்று மற்றொன்றை ரத்து செய்யவில்லை.

மறுத்துவிட்டுக் காத்திருந்தவளின் கதை 'பெர்சுவேஷன்'. 19 வயதில் ஆன் எலியட், கையில் காசில்லாத கடற்படை அதிகாரி வென்ட்வர்த்தை, தாய் ஸ்தானத்தில் இருந்த லேடி ரஸ்ஸலின் சொல் கேட்டுக் கைவிடுகிறாள். எட்டு ஆண்டு கழித்து, பிடித்த எதிரிக் கப்பல்களின் பங்குப் பணமாக 25,000 பவுண்டோடு அவன் திரும்புகிறான். போர் அவனைக் கொன்றிருந்தால் கதையே இல்லை. அந்த அறிவுரை தவறு, ஆனால் நான் கேட்டது சரி என்று ஆன் முடிவில் சொல்வது இன்றைக்கும் வகுப்பறைகளில் சண்டை மூட்டும் வாக்கியம்.

பெண்ணிடம் பணம் இருந்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடுமா என்றால், ஹென்றி ஜேம்ஸின் 'வாஷிங்டன் ஸ்கொயர்' (1880) இருக்கிறது. நியூயார்க் மருத்துவரின் மகள் கேதரினுக்குத் தாய் வழியில் ஆண்டுக்கு 10,000 டாலர். அவளைத் தேடி வரும் மோரிஸ் பணத்துக்காகத்தான் வருகிறான் என்று தந்தை கண்டுபிடிக்கிறார். அவர் சொல்வது முழுக்கச் சரி. உன்னை வேறு எதற்காக ஒருவன் விரும்புவான் என்ற தொனியில் அதைச் சொல்கிறார் என்பதுதான் கொடுமை. காதலனின் பேராசையைவிடத் தந்தையின் சரியான கணக்கு அவளை அதிகமாக அழித்தது.

ஷார்லட்டுக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கு என் பதில் அவள் வீட்டில்தான் இருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு எலிசபெத் அங்கே விருந்தாளியாகப் போகிறாள். காலின்ஸை மறந்துவிட்டுப் பார்த்தால் வீடு வசதியாகத்தான் இருக்கிறது. ஷார்லட் அவனை அடிக்கடி மறந்துவிடுகிறாள் என்றும் தெரிகிறது. தோட்ட வேலை உடம்புக்கு நல்லது என்று அவனைத் தோட்டத்துக்கு அனுப்பிவைக்கிறாள். எலிசபெத்துக்கு ஒன்றுமட்டும் புரியவில்லை: பெரிய, வெளிச்சமான சாப்பாட்டு அறை இருக்கும்போது இவள் ஏன் பின்பக்கத்துச் சின்ன அறையில் உட்காருகிறாள்? பிறகு புரிகிறது. சாலையைப் பார்த்த அறை காலின்ஸுடையது. பெண்கள் உட்காரும் அறையும் அதே போல் கலகலப்பாக இருந்தால், அவன் இங்கேயே வந்து உட்கார்ந்துவிடுவான்.